ஸ்பார்ட்டா: வேகமான வாயுவுக்கு முழு மனதாகப் பரிந்துரைக்கிறேன், மெதுவான வாயுவுக்கு இல்லை

அடர்த்தி குறைந்த வாயு ஓட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்க என்ன மென்பொருள் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் ஸ்பார்ட்டாவைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஸ்டீவ் பிளிம்ப்டன், மைக்கேல் கேலிஸ் முதலானோர் உருவாக்கியது. ஜிபிஎல் உரிமத்தில் மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது. வெற்றிட அறைக்குள் வாயு பரவுவது, குறுகிய இடுக்குகள் வழியே மெல்லக் கசிவது, மேல் வளிமண்டலத்தில் அசுர வேகத்தில் போகும் பொருளைச் சுற்றி ஓடுவது ஆகிய மூன்றுக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதல் வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் இதைவிட்டு நகர மாட்டேன். நடுவில் உள்ள இடுக்குக் கசிவுக்கு மட்டும் வேறு கருவி வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

கடல் மட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் போகும் தூரம் சராசரியாக 70 நானோமீட்டர்கூட இல்லை. 100 கிலோமீட்டர் உயரத்தில் அதே தூரம் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். இந்தச் சராசரி மோதலிடைத் தூரத்தைப் பொருளின் அளவால் வகுத்தால் கிடைப்பது நூட்சன் எண். அது 0.001க்குக் கீழே இருக்கும்வரை வழக்கமான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் போதும். 0.1ஐத் தாண்டினால் அந்தச் சமன்பாடுகளின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். வாயுவைத் தொடர்ச்சியான பாய்மமாகப் பார்க்க முடியாது. அங்கே 1872இல் போல்ட்ஸ்மன் எழுதிய சமன்பாட்டுக்குத்தான் போக வேண்டும். அதை நேரடியாகத் தீர்ப்பது பெரும்பாடு என்பதால் கிரேம் பர்ட் 1963இல் ஒரு குறுக்கு வழியைக் காட்டினார்: கோடிக்கணக்கான உண்மை மூலக்கூறுகளுக்குப் பதிலாக ஒரு மாதிரித் துகளை வைத்து, நகர்வையும் மோதலையும் தனித்தனியே செய்து, மோதலை நிகழ்தகவால் தீர்மானிப்பது. டிஎஸ்எம்சி என்று சொல்வது இதைத்தான். துகள்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த முறை போல்ட்ஸ்மன் சமன்பாட்டின் தீர்வை நோக்கியே போகிறது என்று 1992இல் வாக்னர் நிரூபித்தார். ஸ்பார்ட்டா இந்த வழியில் வந்த மென்பொருள்.

நிறுவுவது சுலபம். சி பிளஸ் பிளஸ் கம்பைலரும் பல பிராசசர்களைச் சேர்த்து ஓட்ட உதவும் எம்பிஐயும் இருந்தால் போதும். படம் போட்ட திரை, பொத்தான்கள் எதுவும் கிடையாது. ஒரு உரைக் கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்க மென்பொருளில் பழகியவர்களுக்கு இந்த நடை வீட்டுப் பழக்கம் மாதிரி. இரண்டிலும் பிளிம்ப்டன் கைவண்ணம் இருப்பது வரிக்கு வரி தெரியும். பரிமாணம், பெட்டி, அதைச் சிறு செல்களாகப் பிரிக்கும் கிரிட், வாயு வகை, மோதல் மாதிரி, சுவர், நேரப் படி, ஓட்டு என்று இருபது முப்பது வரியில் ஒரு முழுக் கணக்கு முடிந்துவிடும். கூடவே வரும் எடுத்துக்காட்டுக் கோப்புகளில் வட்டத்தைச் சுற்றிய ஓட்டமும் கோளத்தைச் சுற்றிய ஓட்டமும் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் வட்டத்தில் தொடங்கலாம். மடிக்கணினியிலேயே சட்டென்று ஓடி முடியும்.

ஆனால் அந்த இருபது வரியில் இரண்டு எண்களை நீங்களாகத்தான் யோசித்துப் போட வேண்டும். ஒன்று என்ரோ, அதாவது ஒரு கன மீட்டரில் எத்தனை மூலக்கூறு. இன்னொன்று எஃப்நம், ஒரு மாதிரித் துகள் எத்தனை உண்மை மூலக்கூறுக்குச் சமம். இதை ஒரு கணக்கோடு காட்டினால்தான் புரியும். ஆர்கான் வாயு, 300 கெல்வின், கன மீட்டருக்கு பத்தின் அடுக்கு 20 மூலக்கூறுகள் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ 0.41 பாஸ்கல். ஆர்கானின் விட்டத்தை 4.17 ஆங்ஸ்ட்ராம் என்று எடுத்தால் சராசரி மோதலிடைத் தூரம் 1.3 சென்டிமீட்டர் வருகிறது. செல்லின் பக்கம் இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை விதி, ஆகவே 4 மில்லிமீட்டர். அந்தச் செல்லுக்குள் 6.4 லட்சம் கோடி உண்மை மூலக்கூறுகள் இருக்கும். செல்லுக்கு 20 துகள் வேண்டுமென்றால் எஃப்நம் 32,000 கோடி. அப்புறம் நேரப் படி. ஆர்கானின் சராசரி வேகம் இந்த வெப்பநிலையில் வினாடிக்கு 400 மீட்டர். ஒரு துகள் செல்லைக் கடக்க 10 மைக்ரோ வினாடி, இரண்டு மோதல்களுக்கு இடையில் சுமார் 32 மைக்ரோ வினாடி. எனவே 2 அல்லது 3 மைக்ரோ வினாடி வைத்தால் பாதுகாப்பு.

இந்தக் கணக்கைச் செய்யாமல் ஏதோ ஒரு எண்ணைப் போட்டாலும் ஸ்பார்ட்டா மறுபேச்சில்லாமல் ஓடும். வண்ணப் படமும் அழகாகவே வரும். செல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் உள்ள துகள் எதிர் மூலையில் உள்ள துகளோடு மோதும், அதனால் பாகுநிலையும் வெப்பக் கடத்துத்திறனும் உண்மையைவிடக் கூடுதலாக வரும். செல்லின் அளவு மோதலிடைத் தூரத்துக்கே சமமாகிவிட்டால் பத்து விழுக்காடு வாக்கில் பிழை ஏறிவிடும். இதைப் பிடிக்கும் கருவி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. லாம்டா கிரிட் என்ற கம்ப்யூட் கட்டளை ஒவ்வொரு செல்லிலும் மோதலிடைத் தூரத்தைக் கணக்கிட்டுத் தரும், செல் அளவோடு ஒப்பிட்ட நூட்சன் எண்ணையும் தரும். அந்த விடையை வைத்து தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கிரிட்டைப் பொடியாக்கும் வசதியும் உண்டு. கேட்டால் செய்யும், கேட்காவிட்டால் தானாக எச்சரிக்காது. அனுபவம் உள்ளவர்களுக்கு இது சுதந்திரம். புதியவர்களுக்கு இது ஆபத்து என்றே நினைக்கிறேன். குறைந்தபட்சம் ஒரு எச்சரிக்கை வரியாவது இயல்பாக வரும்படி வைத்திருக்கலாம்.

வடிவங்களைக் கையாளும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பொருளின் வடிவத்துக்கு ஏற்ப கிரிட்டை வளைத்து நெளித்து உருவாக்கும் தலைவலி கிடையாது. கிரிட் எப்போதும் நேரான பெட்டிகள்தான். பொருளின் மேற்பரப்பை முக்கோணங்களாகக் கொடுத்தால் அது எந்தெந்த செல்லை வெட்டுகிறது, வெட்டியபின் எவ்வளவு கனஅளவு மிஞ்சுகிறது என்பதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. முப்பரிமாண வடிவங்களை முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பை இதற்கான வடிவமாக மாற்ற ஒரு பைத்தான் நிரலும் கூடவே வருகிறது. ஒரே நிபந்தனை, மேற்பரப்பில் ஓட்டை இருக்கக் கூடாது. ஒரு முக்கோணத்தின் விளிம்பு பக்கத்து முக்கோணத்தோடு பொருந்தவில்லை என்றால் கணக்கு தொடங்கவே தொடங்காது. வரைபட மென்பொருளிலிருந்து அவசரமாக ஏற்றுமதி செய்த கோப்புகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். இந்தக் கண்டிப்பு நல்லதுதான். ஓட்டை வழியே துகள்கள் பொருளுக்குள் புகுந்து, நாள் முழுக்க ஓடிய கணக்கு வீணாவதைவிட ஆரம்பத்திலேயே நின்றுவிடுவது மேல்.

சுவரில் துகள் பட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். டிஃப்யூஸ் என்று எழுதி, சுவரின் வெப்பநிலையையும் ஒத்திசைவுக் கெழுவையும் கொடுக்கிறோம். கெழு 1 என்றால் மோதிய துகள் தன் பழைய வேகத்தை முழுக்க மறந்து சுவரின் வெப்பநிலைக்கேற்ற புது வேகத்தோடு கிளம்பும். 0 என்றால் கண்ணாடியில் பட்ட ஒளி போலத் திரும்பும். உண்மையான உலோகச் சுவர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சுவர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எந்த வாயு என்பதைப் பொறுத்தது அது. எவ்வளவு பெரிய கணினியில் ஓட்டினாலும் இந்த ஒரு எண் தவறாக இருந்தால் விடையும் தவறுதான். அளவீட்டிலிருந்து வர வேண்டிய எண் இது.

ஓடும்போது திரையில் ஒரு அட்டவணை வந்துகொண்டே இருக்கும்: படி, நேரம், துகள் எண்ணிக்கை, மோதல்கள், சுவரில் பட்டவை. துகள் எண்ணிக்கை ஏறி ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் ஓட்டம் நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து சராசரி எடுக்கத் தொடங்கலாம். முடிந்ததும் நகர்வுக்கு எவ்வளவு நேரம், மோதலுக்கு எவ்வளவு, பிராசசர்களுக்கு இடையே பேச எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அதைப் பார்த்து வேலைப் பகிர்வைச் சரிசெய்தால் பல கோர்களில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்ட கொக்கோஸ் பதிப்பு இருக்கிறது. எல்லாக் கட்டளைகளும் அதில் வராது என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. வேதிவினை வசதியும் இருக்கிறது. அதில் நான் ஆழமாகப் போனதில்லை.

சரி, விடை சரியா? ஒரு மென்பொருளை நம்புவதற்கு முன் நான் வைக்கும் பரீட்சை எளிமையானது. இரண்டு இணைத் தட்டுகள், ஒன்று சூடு, ஒன்று குளிர், நடுவில் ஆர்கான். மோதல் மாதிரிக்கு மூலக்கூறுகளை மென்மையான கோளங்களாகக் கருதும் விஎஸ்எஸ், அதற்கு வழக்கமாகத் தரும் மதிப்புகள்: விட்டம் 4.11 ஆங்ஸ்ட்ராம் (முன்னே எடுத்த 4.17 வேறு மோதல் மாதிரிக்கு உரியது), ஒமேகா 0.81, ஆல்ஃபா 1.4. தட்டுகளை மோதலிடைத் தூரத்தைப்போல ஐம்பது மடங்கு தள்ளி வைத்தால் நடுப்பகுதி சாதாரண வாயு மாதிரிதான் நடந்துகொள்ள வேண்டும். அங்கே வெப்பப் பாய்வை வெப்பநிலைச் சரிவால் வகுத்தால் ஆர்கானின் வெப்பக் கடத்துத்திறன் கிடைக்க வேண்டும்: 273 கெல்வினில் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.0165 வாட். செல்லையும் நேரப் படியையும் ஒழுங்காக வைத்தால் ஸ்பார்ட்டா அந்த எண்ணுக்கு ஒரு விழுக்காட்டுக்குள் வந்து நிற்கிறது. வெப்பக் கடத்துத்திறன் என்று ஒரு எண்ணை நாம் எங்கேயும் உள்ளே கொடுக்கவில்லை. மூலக்கூறு மோதலிலிருந்து அது தானாக எழுந்து வருகிறது. அதைப் பார்க்கும்போது வரும் நிறைவைச் சொல்லித் தெரிவிக்க முடியாது.

இனி குறைக்கு வருகிறேன். துகள் முறையில் எந்த விடையும் சராசரியாகத்தான் வரும், சராசரியோடு இரைச்சலும், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கமும், வரும். 300 கெல்வினில் ஆர்கான் மூலக்கூறுகளின் ஒரு திசை வேகம் வினாடிக்கு 250 மீட்டர் அளவுக்குச் சிதறிக் கிடக்கிறது. ஓட்டத்தின் வேகமும் வினாடிக்கு 250 மீட்டர் என்றால், ஒரு விழுக்காடு துல்லியத்துக்கு ஒரு செல்லில் 10,000 மாதிரிகள், அதாவது சராசரி எடுக்க 10,000 துகள் வேகங்கள், வேண்டும். செல்லுக்கு 20 துகள் இருந்தால் 500 படிகள், நொடியில் முடிந்துவிடும். வினாடிக்கு 7 கிலோமீட்டரில் வரும் ஓட்டமாக இருந்தால், பொருளை அடைவதற்கு முந்தைய பகுதியில் பதினைந்து மாதிரிகூடத் தேவையில்லை. ஆனால் ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால்? 62.5 கோடி மாதிரிகள். மூன்று கோடிப் படிகளுக்கு மேல். அடுத்தடுத்த படிகளில் இருப்பவை பெரும்பாலும் அதே துகள்கள் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே. ஓட்டத்தின் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் உழைப்பு நூறு மடங்காகிறது. நுண்குழாய், அழுத்த உணரி, கசிவு இடுக்கு இவற்றிலெல்லாம் வேகம் இந்த அளவில்தான் இருக்கும். ஸ்பார்ட்டாவை எழுதியவர்கள் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. டிஎஸ்எம்சி முறையோடு பிறந்த குணம் இது.

இங்கேதான் கைனடிக் மாடல்கள் கைகொடுக்கின்றன. போல்ட்ஸ்மன் சமன்பாட்டில் சிக்கலெல்லாம் மோதல் பகுதியில் இருக்கிறது. இந்தியக் கணிதவியலாளர் பிரபு லால் பட்நாகர், யூஜின் கிராஸ், மேக்ஸ் குரூக் மூவரும் 1954இல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ஒரே வரியை வைத்தார்கள்: எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் பரவல் சார்பு எதுவாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் சமநிலையை நோக்கித் தளர்ந்து போகும். பிஜிகே மாதிரி என்பது இதுதான். துகள்கள் வேண்டாம், நிகழ்தகவு வேண்டாம், இரைச்சல் அறவே இல்லை. வினாடிக்கு 1 மீட்டர் ஓட்டமும் 1 மில்லிமீட்டர் ஓட்டமும் இதற்கு ஒரே உழைப்பு.

ஆனால் முன்னே சொன்ன தட்டுப் பரீட்சையை பிஜிகேக்கு வைத்தால் தோற்றுவிடுகிறது. தளர்வுக் காலம் என்று ஒரே ஒரு திருகுதான் கையில் இருக்கிறது. அதைப் பாகுநிலை சரியாக வரும்படி திருப்பினால் வெப்பக் கடத்துத்திறன் 0.0165க்குப் பதில் 0.0110 வருகிறது, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. வெப்பத்துக்காகத் திருப்பினால் பாகுநிலை ஒன்றரை மடங்காகிவிடும். பாகுநிலையையும் வெப்பக் கடத்தலையும் ஒப்பிடும் பிராண்ட்டில் எண் ஒற்றை அணு வாயுவுக்கு மூன்றில் இரண்டு. பிஜிகே அதை 1 என்று ஆக்கிவிடுவதால் வரும் வினை. 1966இல் ஹோல்வே தந்த இஎஸ்-பிஜிகே மாதிரியும் 1968இல் ஷாக்கோவ் தந்த மாதிரியும் இந்தக் குறையை இரண்டு விதமாகத் தீர்த்தன. ஹோல்வே, தளர்ந்து சேரும் சமநிலையை எல்லாத் திசையிலும் ஒன்றாக வைக்காமல் அழுத்தத்துக்கு ஏற்ப நீட்டினார். ஷாக்கோவ் வெப்பப் பாய்வை வைத்து ஒரு திருத்தத்தைச் சேர்த்தார். ஷாக்கோவ் மாதிரியில் வெப்பம் கடுமையாகப் பாயும் இடங்களில் அந்தத் திருத்தம் பரவலை எதிர்க்குறிக்குத் தள்ளிவிடக்கூடும், மூலக்கூறு எண்ணிக்கை எதிர்க்குறியில் இருக்க முடியாது. இஎஸ்-பிஜிகேயில் அந்தச் சிக்கல் இல்லை. என்ட்ரோபி விதிக்கு அது உட்படுகிறது என்பதும் 2000இல் நிரூபணமானது. மெதுவான ஓட்டத்தில் இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குத் திருப்திதான்.

எடுத்துக்காட்டாக, நூட்சன் 1909இல் அளந்து காட்டிய விநோதம். குழாயில் வாயுவின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனால், அழுத்த வேறுபாட்டோடு ஒப்பிட்ட ஓட்டம் குறைந்து, நூட்சன் எண் 1ஐ ஒட்டி ஒரு பள்ளத்தைத் தொட்டு, பிறகு மீண்டும் ஏறுகிறது. நேவியர்-ஸ்டோக்ஸில் இந்தப் பள்ளம் வரவே வராது. ஷாக்கோவ் மாதிரியில் மடிக்கணினியிலேயே வழவழப்பான வளைகோடாக வருகிறது. ஸ்பார்ட்டாவிலும் வருகிறது, ஆனால் அந்தப் பள்ளத்தைச் சந்தேகமில்லாமல் பார்க்கும் அளவுக்கு இரைச்சலை அடக்கப் பெரிய கணினியை நீண்ட நேரம் பிடித்து வைக்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கைனடிக் மாடலையே எடுக்கலாமே என்று தோன்றும். நினைவகம் இடம் கொடுக்காது. இடத்தை மட்டும் இல்லாமல் வேகத்தையும் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் 30 என்று வைத்தால் ஒரு செல்லுக்கு 27,000 எண்கள், 216 கிலோபைட். பத்து லட்சம் செல் என்றால் 216 ஜிகாபைட். அதே செல்லில் ஸ்பார்ட்டா 20 துகளோடு முடித்துவிடும். ஒலியைவிடப் பல மடங்கு வேகமான ஹைப்பர்சானிக் ஓட்டத்தில் குளிர்ந்த வாயுவின் ஒடுக்கமான பரவலும் அதிர்வலைக்குப் பின்னால் உள்ள அகலமான பரவலும் ஒரே வேகக் கட்டத்தில் அடங்க வேண்டும், ஆகவே 30 எந்த மூலைக்கும் போதாது. அதோடு இந்த மாதிரிகள் வேகமான மூலக்கூறும் மெதுவான மூலக்கூறும் ஒரே கதியில் தளர்வதாக எடுத்துக்கொள்வதால், வலுவான அதிர்வலையின் முன்புறத்தில் வெப்பநிலை உரிய இடத்துக்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். துகளையும் கைனடிக் மாடலையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புபவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த பிக்லாஸைப் பார்க்கலாம். அதில் டிஎஸ்எம்சியும் துகள் வழி பிஜிகேயும் இருக்கின்றன. துகள் வழி என்பதால் இரைச்சல் அங்கேயும் உண்டு. அடர்த்தி கூடிய பகுதிகளில் மோதல் மோதலாகக் கணக்கிடும் செலவு மிச்சமாகும் என்பதுதான் லாபம்.

கையேடு பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம், எடுத்துக்காட்டு, எதோடு எது சேராது என்ற குறிப்பு என்று பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். வாயுக்களின் இயக்கக் கொள்கையை அது கற்றுத்தராது, அதைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும். மோதலிடைத் தூரத்தைக் கையால் கணக்குப்போடத் தெரியாத ஒருவருக்கு இந்த மென்பொருளை இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன். தெரிந்தவருக்கு, அதிலும் வினாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓடும் வாயுவோ சிக்கலான வடிவமோ கையில் இருந்தால், தயங்காமல் எடுங்கள்.

எடுத்தபின் ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் மூன்று ஓட்டம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்: செல்லைப் பாதியாக்கி ஒன்று, நேரப் படியைப் பாதியாக்கி ஒன்று, தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை மட்டும் மாற்றி ஒன்று. செல்லைப் பாதியாக்கும்போது எஃப்நம்மையும் குறைக்க மறக்காதீர்கள், முப்பரிமாணத்தில் எட்டில் ஒன்றாக. இல்லையென்றால் செல்லுக்கு 20 துகள் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும், ஒப்பீட்டுக்கே பொருள் இருக்காது.